திறக்காத பொத்தான்கள்

அத்தியாயம் 14

ஊசியை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். பதின்மூன்று வாரமாகக் கூடவே வருகிறவர்கள் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வரலாம்.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. பெரிய ஆடை நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் கட்டிங் பிரிவின் தலைவியாக இருந்தாள். சுருக்கென்று பேசுவதால் அங்கே வைத்த பெயர்தான் ஊசி. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், "கொஞ்சம் சதை போட்டவங்களுக்கும் வயசானவங்களுக்கும் நம்ம கடையில உடுப்பே இல்லைன்னா, அவங்க என்ன போர்வையைச் சுத்திக்கிட்டு நடப்பாங்களா?" என்று கேட்டாள். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. கத்தரிக்கோலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

இப்போது வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின், ஒரு நீள மேஜை. கடைகள் திருப்பி அனுப்பும் உடம்புகளுக்குத்தான் அவள் உடுப்பு வெட்டுகிறாள். போன மாதம் நகராட்சி அரங்கில் அவள் நடத்திய காட்சியில் நடந்து வந்தவர்கள் மாடல்கள் அல்ல, அவளுடைய வாடிக்கைக்காரப் பெண்கள். ஒருத்தி ஊன்றுகோலோடு வந்தாள். பத்திரிகைகள் பாதி புகழ்ந்தன, பாதி கேலி செய்தன. இரண்டையும் வெட்டி ஒரே சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

கணவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் சர்வேயர். ஒரே மகள் குட்டி. முப்பத்தொரு வயதாகியும் குட்டிதான். அம்மா உதறிவிட்டு வந்த அதே நிறுவனத்தில்தான் குட்டிக்கு வேலை. மாதிரி உடுப்புகளைக் கடைக்காரர்களுக்குக் காட்டி ஆர்டர் வாங்குவது அவள் பொறுப்பு. சாப்பாட்டு மேஜையில் மூவரும் பேசாத விஷயம் அது ஒன்றுதான்.

குட்டிக்குப் பதவி உயர்வுக் கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறது என்ற செய்தியோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். இது அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை.

* * *

காலை ஒன்பது மணிக்குக் குட்டி மாதிரி அறையின் கதவைத் திறந்தாள். குளிர்காலத்துக்கான புது உடுப்புகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. பதினொரு மணிக்குக் கடைக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் ஒவ்வொன்றையும் பிரஷ் போட்டு, சீட்டைச் சரிபார்க்க வேண்டும்.

பன்னிரண்டாவது ஹாங்கரில் அவள் கை நின்றுவிட்டது.

சாம்பல் நிறக் கோட்டு. வலது பக்கம் ஓரத்திலிருந்து மேலேறி, அக்குளைத் தொட்டுத் திரும்பி, கையின் அடிப்பக்கமாக மணிக்கட்டு வரை ஒரு பொத்தான் வரிசை. இப்படி ஒரு கோட்டை உலகத்தில் ஒருத்திதான் வெட்டியிருக்கிறாள். எட்டு மாதம் முன்னால் அம்மா வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் தவித்தபோது, தனக்காகவே வெட்டிக்கொண்டது அது. பிறகு மகளுக்கும் ஒன்று நீல நிறத்தில்.

சீட்டைத் திருப்பினாள். வடிவமைப்பு என்ற இடத்தில் தலைமை டிசைனரின் கையெழுத்து. எப்போதும் கழுத்தில் மப்ளரோடு திரிவதால் தையல் பகுதியில் அவனுக்கு மப்ளர் என்றே பெயர்.

குட்டிக்கு ஒரு மழை நாள் நினைவுக்கு வந்தது. 'குடை கொண்டுவரல, உன் கோட்டைக் குடேன், நாளைக்குத் தர்றேன்' என்று மப்ளர் சிரித்துக்கொண்டே கேட்டான். மூன்று நாள் கழித்துத்தான் திருப்பித் தந்தான். இஸ்திரி போட்டுத் தந்திருந்தான். அவ்வளவு மரியாதையா என்று அன்றைக்கு ஆச்சரியப்பட்டாளே தவிர, சந்தேகப்படவில்லை.

அப்பாவின் எண்ணுக்குப் போன் செய்தாள்.

"சொல்லு," என்றது அம்மாவின் குரல். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா இல்லையா?"

"குளிக்கிறாரு. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு வேலை நேரத்துல அப்பாவுக்குப் போன் போட மாட்டே. அதுவும் இப்படிக் கிசுகிசுன்னு."

குட்டி சொல்லிவிட்டாள். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"எந்தக் கலர்?"

"சாம்பல்."

"சாம்பல்ல நான் போடலையே. அழுக்குத் தெரியாதுன்னு போட்டிருப்பான்." கத்தரிக்கோலை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. "கடைக்காரங்க எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

"சரி."

"அம்மா, சரின்னா என்ன அர்த்தம்?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

* * *

சர்வேயர் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஊசி கோட்டுப் போட்டு முடித்திருந்தாள். மேஜையில் ஹூக் வைக்காத கவுன் அப்படியே கிடந்தது. அவள் ஒரு வேலையைப் பாதியில் விட்டு எழுந்து அவர் பார்த்ததில்லை.

"எங்க கிளம்பிட்டே?"

"பழைய ஆபீசுக்கு."

அவர் கையில் துண்டு நின்றது. "அங்க எதுக்கு?"

சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. துணிக் கணக்கு சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"நீ நேர்ல போகணுமா? முதல்ல ஒரு வக்கீலைப் பார்க்கலாம். இல்லைன்னா ஒரு கடிதம் எழுதி..."

"கடிதம் போய்ச் சேர்றதுக்குள்ள கோட்டு கடைக்குப் போயிடும்."

"நானும் வர்றேன்."

"நீங்க வந்தா சமாதானம் பேசுவீங்க. எனக்கு இன்னிக்கு சமாதானம் வேண்டாம். அந்தக் கவுனுக்கு ஹூக் வெச்சு முடிங்க, நாலு மணிக்கு வாங்கிக்க வருவாங்க."

பஸ் நிறுத்தம் வரை ஈரத் தலையோடு கூடவே நடந்தார். இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "என்னங்க?" என்றாள் அவள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

* * *

நிறுவனத்து வாசலில் பழைய காவலாளிதான் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பதிவேட்டைப் புரட்டினார்.

"மேடம், இன்னிக்கு வர்றவங்க லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே."

"இருபத்திரண்டு வருஷம் காலையில வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்தீங்க. லிஸ்ட் பார்த்தா திறந்தீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். பின்னால் இருந்த கேமராவைப் பார்த்தார்.

"எனக்கு டீ குடிக்கிற நேரம் வந்தாச்சு," என்றார். "கதவைப் பூட்டணும்னு யாரும் சொல்லலை."

இரண்டாவது மாடியில் காட்சி அறை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஊசி நின்றாள். உள்ளே மேஜையின் தலைமாட்டில் நிர்வாக இயக்குநர். எல்லாருக்கும் அவர் பெரிய மேடம். எதிரே இரண்டு கடைக்காரர்கள். நோட்டுப் புத்தகத்தோடு ஒரு ஒல்லி மனிதர், பக்கத்தில் நல்ல பருமனான நடுவயது அம்மாள். குட்டி சுவரோரமாக நின்று ஒவ்வொரு உடுப்பாக எடுத்துக் கொடுத்தாள். மப்ளர் பேசிக்கொண்டிருந்தான். பேசுவதில் அவன் கெட்டிக்காரன்.

"இந்த சீசனோட உயிரே இந்தக் கோட்டுதான். பக்கவாட்டுல போற இந்தப் பொத்தான் வரிசையைப் பாருங்க. ஆறு மாசம் எங்க டீம் இதுல உட்கார்ந்தோம்."

கடைக்கார அம்மாள் கோட்டை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். முதல் பொத்தானைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. அடுத்ததைப் பார்த்தார். அதுவும் அசையவில்லை.

"இது திறக்காதா?"

"இல்ல மேடம். அது அழகுக்கு."

"திறக்காத பொத்தான் எதுக்கு இத்தனை? நான் என் கடையில நின்னு விக்கிறவ. வாங்க வர்றவங்க முதல்ல இதைத்தான் கேப்பாங்க."

"நல்ல கேள்வி," என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். குட்டி மட்டும் திரும்பவில்லை. அவளுக்குக் குரல் போதும்.

மப்ளர் எழுந்தான். "மேடம், நீங்க எப்படி உள்ள..." பழைய பழக்கத்தில் நாற்காலியை வேறு நகர்த்திவிட்டான். எட்டு வருடம் முன்னால் கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தவள் இவள்தான்.

"நான் உட்கார வரல. அந்தக் கோட்டை உள்பக்கம் திருப்பு."

அவன் திருப்பவில்லை. கடைக்கார அம்மாளே திருப்பினார். உள்ளே லைனிங் துணி ஒழுங்காக மூடித் தைக்கப்பட்டிருந்தது. பொத்தான்கள் மேலே வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்தன.

"பார்த்தீங்களா?" என்றாள் ஊசி. "இதை வரைஞ்சவன் வெளியில இருந்து பார்த்திருக்கான். எதுக்குன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா மூடித் தைப்பானா?"

பிறகு அவள் தன் கோட்டைக் கழற்றினாள். கழற்றினாள் என்று சுலபமாக எழுதிவிட்டேன்; அங்கிருந்தவர்கள் பார்த்தது வேறு. வலது கையை அவள் இடுப்புக்கு மேல் தூக்கவேயில்லை. இடது கையால் மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை, அக்குளிலிருந்து கீழ் ஓரம் வரை பட்பட்டென்று அழுத்துப் பொத்தான்களைப் பிரித்தாள். வலது பக்கம் முழுதும் ஒரு போர்வை மாதிரி விரிந்து தோளிலிருந்து நழுவியது. அடுத்த நிமிடம் அதே மாதிரி போட்டுக்கொண்டாள். இடது கையை நுழைத்து, மீதியை வலது தோளில் எடுத்துப் போட்டு, அக்குளுக்கடியில் சேர்த்து அழுத்தினாள்.

"தோள் இறுகிப்போனவங்க, கையில கட்டுப் போட்டவங்க, மார்ல ஆபரேஷன் ஆனவங்க, யாரா இருந்தாலும் அடுத்தவங்களைக் கூப்பிடாம இதைப் போட்டுக்கலாம். அக்குள்ல ஒரு துண்டுத் துணியை, இழுத்தா நீளுற மாதிரி கிராஸா வெட்டி வெச்சிருக்கேன். இல்லைன்னா அங்க இழுத்துக் கிழிஞ்சிடும். ஒன்பது தடவை கிழிஞ்சுது. பத்தாவதுதான் இது."

கடைக்கார அம்மாள் எழுந்து வந்தார். "நான் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?"

"உங்களுக்குப் பத்தும்," என்றாள் ஊசி. "பத்தணும்னுதான் வெட்டினது."

மப்ளர் சுதாரித்துக்கொண்டான். குரலில் ஒரு வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு பெரிய மேடத்திடம் திரும்பினான்.

"மேடம், எனக்கு இவங்க மேல மரியாதை உண்டு. ஆனா பக்கவாட்டுப் பொத்தான் யாருக்கு வேணா தோணும். இவங்க வீட்டுல என்ன தைக்கிறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேணும்னா இவங்க பொண்ணையே கேளுங்க. இங்கதானே நிக்கிறாங்க."

அவன் கணக்கு தப்பான கணக்கு இல்லை. பதவி உயர்வுக் கடிதம் பெரிய மேடத்தின் மேஜையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவன் கையெழுத்தும் அதில் வேண்டும் என்று குட்டிக்கும் தெரியும். இரண்டு வருடமாக அவள் காத்திருந்த கடிதம். ஊசியின் மகள் என்பதற்காகவே இரண்டு தடவை தள்ளிப்போன கடிதம்.

பெரிய மேடம் கேட்டார். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

குட்டி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மெல்லத் தலையை அசைத்தாள். வேண்டாம் என்று. நீ பேசாதே என்று. அது குட்டிக்கு நன்றாகப் புரிந்தது.

"தெரியும் மேடம்," என்றாள். "என்கிட்ட இதே கோட்டு நீலத்துல இருக்கு. அம்மா தைச்சுக் குடுத்தது. மழைக்காலத்துல சார் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. மூணு நாள் கழிச்சுத் திருப்பித் தந்தாரு. அதுக்கு முந்தின வாரம் நான் ஆபீசுக்கு அதைத்தான் போட்டுட்டு வந்தேன். தையல் பகுதியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

கைகள் பாவாடையின் பக்கவாட்டில் பாக்கெட்டைத் தேடின. ஆனால் ஒரு வார்த்தையும் விழுங்கப்படவில்லை.

ஒல்லி மனிதர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய மேடம் உணர்ச்சிவசப்படும் ரகம் இல்லை. "கோட்டை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க," என்றார் மப்ளரிடம். பிறகு ஊசியிடம், "வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க. என்ன கேக்கறீங்கன்னு எழுதிட்டு வாங்க."

"எழுதற அளவுக்கு நீளமில்ல. இப்பவே சொல்றேன். இந்தக் கோட்டு வந்தா திறக்கிற கோட்டாத்தான் வரணும். எல்லா அளவிலயும் வரணும். காலர்ல என் பேரு இருக்கணும். மூணும் வேணும். ரெண்டு போதும்னு யாரும் பேரம் பேச வேண்டாம்."

"எழுதிட்டு வாங்க," என்றார் பெரிய மேடம் மறுபடியும், அதே குரலில். பிறகு குட்டியைப் பார்த்தார். "நீங்க இன்னிக்கு வீட்டுக்குப் போங்க. நான் கூப்பிடற வரைக்கும் வர வேண்டாம்."

* * *

பஸ் நிறுத்தத்தில் அம்மாவும் மகளும் ஒரே பெஞ்சில், நடுவில் இன்னொருவர் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"உன்னை யார் பேசச் சொன்னது?" என்றாள் ஊசி.

"கேட்டது என்னை. பதில் நீயா சொல்லுவே?"

"தலையாட்டினேன், பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா?"

"ஆமா. பார்த்துட்டுத்தான்."

ஒரு பஸ் வந்தது. அவர்களுடையது இல்லை.

"உள்ள ஒருத்தி இருக்கணும்டி," என்றாள் ஊசி. இப்போது குரல் இறங்கியிருந்தது. "நான் வெளியில நின்னு கத்தலாம். எத்தனை வருஷம் கத்தினாலும் முன்னறையில ரெண்டு மெஷின்தான். நீ அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தா, எந்த அளவு கடைக்குப் போகணும்னு நீ சொல்லுவே. அதுக்காகத்தான் நீ அங்க வேலைக்குப் போறேன்னு சொன்னப்போ நான் ஒரு வார்த்தை பேசலை."

குட்டி அவளைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருடமாக அம்மாவின் மௌனத்தைக் கோபம் என்றே நினைத்திருந்தாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீ எனக்காகப் போவே. உனக்காகப் போகணும்னு இருந்தேன்."

"என் தப்பு," என்றாள் குட்டி. "அந்தக் கோட்டை அவன்கிட்டக் குடுத்தது நான்."

"மழையில நனையறவனுக்குக் கோட்டுக் குடுக்கறது தப்புன்னு நான் உனக்குச் சொல்லித் தரலை. வாங்கினவன் புத்தி அப்படி." ஊசி நகர்ந்து நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். "அது இருக்கட்டும். நீ பேசினப்போ கையை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியாம முழிச்சியே, அந்தப் பாவாடைக்கு ஏன் பாக்கெட் இல்ல?"

"கம்பெனிப் பாவாடைம்மா."

"அதான் கேக்கறேன்."

குட்டிக்கு அழுகை வருகிற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

* * *

மாலை நான்கு மணிக்குக் கவுன் போனது. சர்வேயர் வைத்த ஹூக்குகள் நான்கில் ஒன்றைப் பிரித்து மறுபடி வைக்க வேண்டியிருந்தது. நடந்ததை எல்லாம் அவர் இரண்டு தடவை கேட்டார். மகள் பேசியதைக் கேட்டபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

குட்டி ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வியாழக்கிழமைக்கான நிபந்தனைகளை ஒழுங்காக எழுதத் தொடங்கினாள். ஊசி மேஜையின் மறுபக்கம் நின்று சாக்பீசால் துணியில் கோடு போட்டபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்து எவ்வளவு காலமாயிற்று என்று இருவருமே நினைத்திருக்க வேண்டும். சொல்லிக்கொள்ளவில்லை.

ஆறரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் நின்றது காஜா. நிறுவனத்தில் பதினெட்டு வருடமாகப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள், பெயரே அதுவாகிவிட்டது. வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள். தலைமுடியில் நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. மார்போடு ஒரு தடித்த காகித உறையை அணைத்திருந்தாள்.

"உள்ள வா. டீ போடட்டுமா?"

"வேண்டாம் அக்கா. நான் உடனே போகணும். மத்தியானம் மப்ளர் சார் அலமாரியைக் காலி பண்ணி, இதெல்லாம் பழைய பேப்பர், கிழிக்கிற மெஷின்ல போட்டுடுன்னு என்கிட்டக் குடுத்தாரு. போடப் போனேன். மேல இருந்ததைப் பார்த்தேன். போட மனசு வரலை." உறையை மேஜையில் வைத்தாள். "கோட்டு மட்டும் இல்ல அக்கா."

ஊசி உறையைப் பிரித்தாள்.

மெல்லிய காகிதத்தில் உடுப்பு வெட்டும் வரைபடங்கள். ஏழு. குட்டி ஒவ்வொன்றாக மேஜையில் விரித்தாள். முழங்கால் வளையாதவர்களுக்கான, பக்கவாட்டில் திறக்கிற பாவாடை. உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கான, முதுகில் தாழ்ந்து முன்னால் ஏறிய சட்டை. இடுப்பில் இரண்டு அளவு கூட்டிக் குறைக்கிற கவுன். எல்லாம் வேலையை விட்ட முதல் வருடத்தில் ஊசி வரைந்தவை. அந்த வருடம் அவள் படுக்கையை விட்டு எழுந்ததே குறைவு. வரைந்து, கசக்கி, கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள்.

"அம்மா, இந்தக் கவுன்," என்றாள் குட்டி மெதுவாக. "இது போன வருஷம் எங்க கடை ஜன்னல்ல இருந்துச்சு. நல்லா வித்தது."

"தெரியும். நானே நின்னு பார்த்தேன். யாரோ ஒருத்தி என்னை மாதிரியே யோசிக்கிறான்னு சந்தோஷப்பட்டேன்."

அவள் காகிதத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். அளவுகள் அவளுடையவை. கோடுகள் அவளுடையவை அல்ல. ஊசியின் பென்சில் கோடு அவசரக் கோடு. திரும்புகிற இடத்தில் எப்போதும் ஒரு வால் நீளும். இவை மையில் வரையப்பட்டிருந்தன. ஒரே தடிமன், ஒரே அழுத்தம். ஒவ்வொரு மூலையிலும் பொடி எழுத்தில் அளவு. வடக்கு திசை காட்டுகிற அம்பு ஒன்றுதான் குறை.

இப்படிக் கோடு போடத் தெரிந்தவர் இந்த வீட்டில் ஒருவர்தான்.

உறையின் அடியில் தலைமை டிசைனர் பேருக்கு ஒரு கடிதம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. ஊசி அதைச் சத்தமில்லாமல் படித்தாள். பிறகு குட்டியிடம் கொடுத்தாள்.

'ஐயா, இத்துடன் என் மனைவி வரைந்தவற்றில் ஏழு படங்களை நகல் எடுத்து அனுப்பியுள்ளேன். அவளைப் போல் வெட்டுகிறவர் உங்களிடம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அவள் சாப்பிடுவதில்லை. பேசுவதில்லை. தயவு செய்து அவளை மறுபடி கூப்பிடுங்கள். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.'

காஜா எழுந்துகொண்டாள். "நான் வர்றேன் அக்கா," என்று மெல்லச் சொல்லிவிட்டு, தானே கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

சர்வேயர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"பக்கத்துல வாங்க," என்றாள் ஊசி.

வந்தார்.

"நீங்க எழுதினதா?"

"ஆமா."

"கூப்பிட்டாங்களா?"

"இல்ல." அவர் காகிதங்களைப் பார்த்தார். "நீ சுவரையே பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தே. எனக்கு வேற வழி தெரியலை. நிலம்னா அளந்து சொல்லியிருப்பேன்."

ஊசி கண்களை ஒரு கணம் மூடித் திறந்தாள். அவளுக்கு அவரைத் திட்டவும் வேண்டும், அவர் தோளைத் தொடவும் வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. "நல்ல எண்ணத்துல பண்ணீங்க," என்றாள். "திருடினவன் அவன். இந்தக் கடிதமே நமக்கு சாட்சி. ஏழும் என்னுதுன்னு இதுல இருக்கு. வியாழக்கிழமை கோட்டோட இதையும் மேஜையில வைக்கிறேன்."

சர்வேயர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அது முடியாது," என்றார்.

"ஏன்?"

"ஒரு மாசம் கழிச்சு அவங்க ஆபீஸ்ல இருந்து ஒரு ஆள் வந்தான். நீ டாக்டரைப் பார்க்கப் போயிருந்தே. மேடத்தைக் கூப்பிடப் போறோம், அதுக்கு முன்னாடி இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து வேணும்னான். வரைஞ்சதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னு இருந்துது. இனிமே வரையப் போறதும்னு இருந்துது. வேலைக்குச் சேரும்போது எல்லார்கிட்டயும் வாங்கறதுதானேன்னு நினைச்சேன்."

"நீங்க கையெழுத்துப் போட்டா அது எப்படி என்னைக் கட்டும்?" என்றாள் ஊசி.

அவர் நாற்காலியின் முதுகைத் தேய்த்தார்.

"என் கையெழுத்து இல்ல," என்றார். "உன்னுது. உன்னை மாதிரியே போட்டேன்."

குட்டி கடிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பேப்பர்படி கோட்டும் கம்பெனியுடையது; கையெழுத்து பொய் என்று நிரூபித்தால் மாட்டுவது அப்பா. தெருவில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஊசி ஏழு காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஓரம் சரியாகப் பொருந்தும் வரை மேஜையில் தட்டினாள். தன் நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டு, தான் நின்றுகொண்டாள்.

"உட்காருங்க," என்றாள். "குட்டி, புதுப் பக்கம் எடு. வந்தவன் எப்படி இருந்தான், என்ன சொன்னான், பேப்பர்ல என்ன எழுதியிருந்துது, ஒரு வார்த்தை விடாம அப்பா சொல்லுவாரு. நாளைக்கு ஒரு நாள் முழுசா நம்ம கையில இருக்கு."